பிரம்மோஸா, ஸ்கால்ப்பா, நம் சொந்தச் சரக்கா?

புதிதாக ஓர் ஏவுகணையின் படம் வெளியானால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் போகும்?" அடுத்த கேள்வி, "பிரம்மோஸைவிட வேகமா?" மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. இது எதை அடிப்பதற்காகச் செய்தது? ஓடிக்கொண்டிருக்கும் கப்பலையா, மலையைக் குடைந்து கட்டிய ஆயுதக் கிடங்கையா, திறந்த வெளியில் நிற்கும் ராடாரையா? இதற்குப் பதில் தெரியாமல் தூரத்தையும் வேகத்தையும் ஒப்பிடுவது, லாரியையும் மோட்டார் சைக்கிளையும் மைலேஜை மட்டும் வைத்து ஒப்பிடுவது மாதிரிதான்.

இந்திய விமானப்படைக்கு இப்போது இந்தக் கேள்வி நிஜமாகவே முன்னால் நிற்கிறது. சுகோய் விமானத்தின் வயிற்றில் தொங்கும் பிரம்மோஸ்-ஏ கையில் இருக்கிறது. பிரான்ஸின் ரஃபேல் விமானத்தோடு வந்த ஸ்கால்ப் ஏவுகணை இருக்கிறது. இவை தவிர நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிவரும் ஆயிரம் கிலோமீட்டர் வகைக் குரூஸ் ஏவுகணை, அதாவது விமானம் மாதிரிக் காற்றில் பறந்தே போகும் ஏவுகணை, சோதனையில் இருக்கிறது. அடுத்த பத்தாண்டுக்கான பணத்தில் பெரும்பங்கு எதற்குப் போக வேண்டும்? "மூன்றும் வேண்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம்தான், ஆனால் பட்ஜெட் அப்படிச் சொல்ல விடாது.

படத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம்

முதலில் காற்று எங்கே நுழைகிறது என்று பாருங்கள். பிரம்மோஸுக்கு மூக்கே வாய்தான். முன்முனையில் வட்டமாகத் திறப்பு, நடுவே ஒரு கூம்பு. அது ராம்ஜெட்டின் அடையாளம், அதாவது ஒலியைவிட மிக வேகமாகப் போவதற்காகச் செய்த உடல். ராம்ஜெட்டில் காற்றை அழுத்தச் சுழலும் விசிறிகள் கிடையாது. ஏற்கெனவே வேகமாகப் போய்க்கொண்டிருந்தால்தான் அது எரியவே தொடங்கும். அதனால் பின்னால் ஒரு திட எரிபொருள் பூஸ்டரும் வேண்டும். ஸ்கால்ப்பில் காற்றுவாய் பக்கவாட்டில் அடக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது சின்ன டர்போஜெட். ஒலியின் வேகத்தைத் தாண்டாமல் மெதுவாக, சிக்கனமாக, தாழப் பறந்து போகிற ரகம்.

அடுத்தது இறக்கை. ஏவிய பிறகு விரியும் நீளமான இறக்கை என்றால் அது மெதுவாகப் பறப்பது. குட்டையாக வெட்டினாற்போல் இருந்தால் வேகமாகப் போவது. பிறகு மூக்கு. கண்ணாடி மாதிரிச் சாளரம் இருந்தாலோ, கழன்று விழுகிற மூடி இருந்தாலோ அது கடைசி நேரத்தில் வெப்பப் படம் எடுத்துப் பார்த்து அடிக்கப்போகிறது, ஆகவே பெரும்பாலும் நிற்கிற இலக்கு. மழமழவென்று மூடிய மூக்கு என்றால் உள்ளே இலக்கைத் தேடும் ராடார் (சீக்கர்) இருக்கலாம், ஆகவே கப்பலாக இருக்கலாம். உடல் உருளையாக இல்லாமல் பெட்டி மாதிரி பட்டைபட்டையாக இருந்தால் ராடாருக்குத் தட்டுப்படாமல் இருக்க மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம். இறக்கைக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டாகத் தொங்கினால் எடை கட்டுக்குள் இருக்கிறது. நடு வயிற்றில் ஒன்றே ஒன்று என்றால் சரக்கு கனம்.

ஆனால் படம் சொல்லாத மீதிப் பாதியில்தான் வம்பே இருக்கிறது. அமெரிக்காவின் ஜாஸம் தரை இலக்குகளுக்கானது, அதிலிருந்து பிறந்த எல்ராஸம் கப்பல்களுக்கானது. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது பெரும்பாடு. ரஷ்யாவின் கே.எச்-101 சாதாரண வெடிமுனை கொண்டது, கே.எச்-102 அணுகுண்டு சுமப்பது, இரண்டுக்கும் ஒரே உடல். 1991 வளைகுடாப் போரின் முதல் இரவில் அமெரிக்காவில் லூசியானாவின் பார்க்ஸ்டேல் தளத்திலிருந்து கிளம்பிய ஏழு பி-52 குண்டுவீச்சு விமானங்கள் 35 ஏவுகணைகளை ஈராக் மீது ஏவின. அவை அணு ஆயுதத்துக்காகச் செய்த ஏவுகணையின் உடலில் சாதாரண வெடிமருந்தை வைத்துத் தயாரித்தவை.

வெளியாட்கள் குழம்பினால் பரவாயில்லை. 2007 ஆகஸ்டில் அமெரிக்க விமானப்படையே தன் மைனாட் தளத்திலிருந்து பார்க்ஸ்டேலுக்குப் பழைய குரூஸ் ஏவுகணைகளைக் கொண்டுபோனபோது, அவற்றில் ஆறில் நிஜ அணு வெடிமுனைகள் இருந்ததைச் சுமார் ஒன்றரை நாள் வரை யாரும் கவனிக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கே இந்த நிலைமை! அதனால் படத்தை வைத்து "இது கண்டிப்பாக இன்னது" என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருப்பேன்.

தஞ்சாவூர்ச் சுகோயின் வயிற்றில்

2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222-வது படைப்பிரிவு, 'டைகர்ஷார்க்ஸ்', சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு மீண்டும் உயிர்பெற்றது. தென்னிந்தியாவில் சுகோய் வந்து தங்கியது அதுதான் முதல் தடவை. கூடவே வந்தது பிரம்மோஸ்-ஏ. இந்த இடத்தேர்வே அந்த ஏவுகணையின் வேலையைச் சொல்லிவிடுகிறது. தஞ்சாவூரிலிருந்து பாகிஸ்தான் எல்லை எங்கோ இருக்கிறது, சீன எல்லை அதைவிட எங்கோ இருக்கிறது. பக்கத்தில் இருப்பது கடல்தான்.

எண்களைப் பார்ப்போம். கப்பலிலிருந்தும் தரையிலிருந்தும் ஏவும் பிரம்மோஸ் சுமார் 3 டன். விமானத்துக்காக பூஸ்டரைச் சுருக்கியும் கனம் சுமார் 2.5 டன்னில்தான் நின்றது. அதைச் சுமக்க சுகோயின் உடலை, விமானம் செய்யும் அரசு நிறுவனமான ஹெச்.ஏ.எல். பலப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு விமானத்துக்கு ஒன்றுதான். 2017 நவம்பர் 22 அன்று வங்காள விரிகுடாவில் நடந்த முதல் ஏவுதலில், ஏவுகணை முதலில் சும்மா கல் மாதிரிக் கீழே விழுந்து, விமானத்தைவிட்டு விலகிய பிறகே எஞ்சின் பற்றிக்கொண்டது. பிறகு இலக்குக் கப்பலைப் போய் அடித்தது.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு வேகம்? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு போர்க்கப்பல் 25 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 46 கிலோமீட்டரில், போய்க்கொண்டிருக்கிறது. பிரம்மோஸ் மாக் 2.8-இல், அதாவது ஒலியைப்போல 2.8 மடங்கு வேகத்தில், போனால் ஆறு நிமிடத்தில் அங்கே இருக்கும். அதற்குள் கப்பல் எந்தத் திசையில் திரும்பியிருந்தாலும் 4.6 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்க முடியாது. ஒலிக்குக் குறைவான வேகத்தில் போகும் ஏவுகணைக்கு ஏறக்குறைய பதினெட்டு நிமிடம் ஆகும், அதற்குள் கப்பல் 14 கிலோமீட்டர் போயிருக்கலாம். தேட வேண்டிய பரப்பு முதலாவதில் 70 சதுரக் கிலோமீட்டருக்குள், இரண்டாவதில் 600-க்கு மேல். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வித்தியாசம்.

கடைசிக் கட்டத்திலும் இதே கதைதான். கடல்மட்டத்துக்குப் பத்து மீட்டர் மேலே வரும் பொருளைக் கப்பலின் ராடார் சுமார் 30 கிலோமீட்டரில்தான் முதலில் காணும். பூமியின் வளைவு அதற்குமேல் விடாது. மாக் 2-இல் வருவதற்கு எதிராகச் செயல்படக் கப்பலுக்குக் கிடைப்பது 45 வினாடிக்குக் குறைவு. மெதுவாக வருவதற்கு எதிராக ஏறக்குறைய இரண்டு நிமிடம். காப்பு ஏவுகணையை ஏவி, முதல் தடவை தவறினால் இன்னொன்றையும் ஏவ அந்த நேரம் போதும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கப்பல் எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் ஏவுகணை கிளம்பும். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் இருக்கின்றன. அரக்கோணத்தின் கண்ணும் தஞ்சாவூரின் கையும் சேர்ந்தால் வங்காள விரிகுடாவில் பெரும்பகுதி எட்டிவிடும். மலாக்கா நீரிணை வழியாக வரும் ஒரு கடற்படைக்கு இது நிச்சயம் தலைவலி.

சரி, குறை? முதலில் அந்தத் தூரக் கணக்கு. பிரம்மோஸுக்கு ஆரம்பத்தில் சொன்ன 290 கிலோமீட்டர் என்பது, ஏவுகணை ஏற்றுமதிக்கு 300 கிலோமீட்டர் வரம்பு வைத்த பன்னாட்டு ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டுக்கு அடங்கிச் சொன்ன எண். 2016-இல் இந்தியா அதில் உறுப்பினரான பிறகு தூரம் கூடியது. 2022 டிசம்பரில் சுகோயிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் வகை சோதனையானது. ஆனால் இந்தத் தூரமெல்லாம் பெரும்பகுதி உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில் பறந்தால்தான். இதன் ரஷ்ய மூலமான ஓனிக்ஸ் உயரப் பறந்தால் 300 கிலோமீட்டர், வழி முழுக்கத் தாழப் பறந்தால் 120 கிலோமீட்டர். உயரத்தில் பறக்கும் பொருளை ராடார் வெகுதூரத்திலேயே காணும். அவ்வளவு வேகத்தில் உடல் சூடாவதால் வெப்பத்திலும் பளிச்சென்று தெரியும். ஆக, பிரம்மோஸ் ஒளிந்து வருகிற திருடன் இல்லை. வருகிறான் என்று தெரிந்தும் தடுக்க நேரம் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு குறை, பிரம்மோஸ் சுமக்க ஏற்றவாறு மாற்றத் திட்டமிட்டவை 40 சுகோய்கள் மட்டும். விமானத்துக்கு ஒன்று என்றால் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் நாற்பதுதான்.

"2025 மே மாதத்தில் பாகிஸ்தானின் விமானத் தளங்களுக்கு எதிராகப் பிரம்மோஸ்தானே பேசப்பட்டது, அவை தரை இலக்குகள்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரம்மோஸின் பங்கு பற்றி அரசியல் தலைவர்களே மேடையில் பேசினார்கள். அங்கேயும் அதற்குக் கைகொடுத்தது அதே நேரக் கணக்குதான்: தயாராக இருக்கும் வான்பாதுகாப்பு சுதாரிப்பதற்குள் போய்விடுவது. ஆனால் 200 முதல் 300 கிலோ வெடிமுனையோடு பூமிக்கடியில் ஆழமாகக் கட்டிய அறையை உடைப்பது வேறு தொழில்.

உடைக்கிற தொழில்

அந்தத் தொழிலுக்கென்றே செய்தது ஸ்கால்ப். பிரிட்டனில் இதையே ஸ்டார்ம் ஷேடோ என்பார்கள். எடை சுமார் 1,300 கிலோ, நீளம் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல், வெடிமுனை 450 கிலோ. அந்த வெடிமுனையின் பெயர் பிராச். இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதல் வெடிப்பு கான்கிரீட்டில் வழி போடும், பின்னால் வரும் பெரிய குண்டு அந்த வழியாக உள்ளே போய்க் கொஞ்சம் தாமதித்து வெடிக்கும்.

போகும் வழியில் செயற்கைக்கோள் வழிகாட்டலை மட்டும் நம்பாமல், கீழே உள்ள நிலத்தின் மேடுபள்ளத்தைத் தன்னிடமுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போகும். இலக்கை நெருங்கியதும் மேலே எழும்பி, மூக்கு மூடியைக் கழற்றிவிட்டு, வெப்பப் படம் எடுத்து, ஏற்கெனவே கொடுத்திருக்கும் படத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் ஆளில்லாத இடமாக முன்கூட்டியே குறித்துவைத்த இடத்தில் போய் விழச் சொல்லலாம். 2003-இல் ஈராக்கில் பிரிட்டன் முதலில் பயன்படுத்தியது. பிறகு லிபியா, சிரியா, இப்போது உக்ரைன்.

உக்ரைன் உதாரணத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பர் 13 அன்று செவஸ்தபோலில் ரஷ்யாவின் மின்ஸ்க் என்ற கப்பலும் ரோஸ்தோவ்-நா-தனு என்ற நீர்மூழ்கியும் இந்த ஏவுகணையால் அடிபட்டன. உடனே "ஸ்டார்ம் ஷேடோ கப்பலையும் அடிக்கும்" என்று எழுதினார்கள். அடித்தது உண்மை. ஆனால் அந்த இரண்டும் பழுதுபார்க்கும் உலர்துறையில் நின்றுகொண்டிருந்தன. நகராத கப்பல், கணக்குக்கு ஒரு கட்டடம்தான். அதே நீர்மூழ்கி கடலில் போய்க்கொண்டிருந்தால் இந்த ஏவுகணைக்கு அதோடு சம்பந்தமே இல்லை. வேலையைப் பார்க்காமல் பெயரைப் பார்த்தால் வரும் குழப்பத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஸ்கால்ப்பின் சங்கடம் தொழில்நுட்பத்தில் இல்லை, உரிமையில் இருக்கிறது. நாம் வாங்கிய ரஃபேல் விமானப்படைக்கு 36தான். அம்பாலாவில் பாதி, வடக்கு வங்காளத்தில் ஹாசிமாராவில் பாதி. ஏவுகணையைத் தயாரிப்பது எம்.பி.டி.ஏ. என்ற ஐரோப்பிய நிறுவனம், உள்ளே இருக்கும் பாகங்கள் பல நாட்டுச் சரக்கு. எகிப்து இதே ஸ்கால்ப்பை வாங்கப் போனபோது, அதிலிருந்த ஓர் அமெரிக்கப் பாகத்துக்கு அனுமதி கிடைக்காமல் 2018-இல் விஷயம் நின்றுபோனது. தென்கொரியாவுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. அவர்கள் கேட்டது அமெரிக்காவின் ஜாஸம். அது கிடைக்கவில்லை என்றதும் 2013-இல் ஜெர்மனியும் ஸ்வீடனும் சேர்ந்து செய்த டாரஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 1,400 கிலோ, 500 கிலோமீட்டருக்கு மேல் தூரம், வடகொரியாவின் பூமியடி அறைகளுக்கு ஏற்ற இரட்டை வெடிமுனை. கடைசியில் வேலைக்குச் சரியானதே அமைந்தது என்று சொல்லலாம், ஆனாலும் வழியைத் திருப்பியது வாஷிங்டன்தான்.

இன்னொன்று: ஸ்கால்ப்புக்கு முன்தயாரிப்பு வேண்டும். வழி, நிலப்படம், இலக்கின் படம் எல்லாம் முன்பே கொடுத்தாக வேண்டும். எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று மாதக்கணக்காகத் தெரிந்த இலக்குக்கு இது பொருந்தும். இன்று காலை வந்து நாளை இடம் மாறும் ராடார் வண்டிக்குப் பொருந்தாது.

மூன்றாவது ஆள்

டி.ஆர்.டி.ஓ.வின் கதை நிர்பய் என்ற குரூஸ் ஏவுகணையில் தொடங்குகிறது. 2013 மார்ச்சில் முதல் சோதனை, பாதை விலகிப் பாதியிலேயே முடித்தார்கள். 2014 அக்டோபர் 17 அன்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து நம்பிக்கை தந்தது. பிறகு ஏற்றமும் இறக்கமுமாகப் பல வருடம். பெரிய முட்டுக்கட்டை எஞ்சின். ஆரம்பத்தில் ரஷ்ய எஞ்சினில் ஓடியது. பெங்களூரில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் எஞ்சின் ஆய்வகமான ஜி.டி.ஆர்.இ. செய்த 'மாணிக்' என்ற சிறிய டர்போஃபேன் வந்த பிறகுதான் இதை நம் சரக்கு என்று வாய்திறந்து சொல்ல முடிந்தது. 2024 ஏப்ரல் 18 அன்று அந்த எஞ்சினோடு ஒடிசாவின் சண்டிப்பூரில் நடந்த சோதனை வெற்றி. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று தரையிலிருந்து ஏவும் நெடுந்தூரத் தரைத்தாக்குக் குரூஸ் ஏவுகணையின் முதல் சோதனையும் முடிந்தது.

வேகத்தில் இது பிரம்மோஸுக்கு அருகே வராது. உடைக்கும் திறனில் ஸ்கால்ப்புக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்பதும் வெடிமுனையைப் பொறுத்தது. ஆனால் தூரத்தில் இரண்டையும் தாண்டும். அப்புறம், எத்தனை செய்வது, எந்த விமானத்தில் மாட்டுவது, யாருக்கு விற்பது என்று யாரிடமும் கேட்க வேண்டாம். மெதுவாகப் பறக்கும் ஏவுகணை ஒன்றிரண்டாகப் போனால் சுட்டு வீழ்த்தலாம். முப்பது நாற்பதாகப் பல திசையிலிருந்து தாழப் பறந்து வந்தால் எதிரியின் வான்பாதுகாப்பு ஏவுகணைகள்தான் முதலில் தீரும். உக்ரைன் போரில் இரு பக்கமும் இதைத்தான் ராத்திரி ராத்திரியாகச் செய்துகொண்டிருந்தார்கள். எண்ணிக்கை வேண்டும் என்றால் உள்நாட்டில் செய்தாக வேண்டும்.

பிரம்மோஸுக்கும் ஓர் அடுத்த தலைமுறை வடிவம் பேச்சில் இருக்கிறது. எடையைப் பாதியளவுக்குக் குறைத்து, நம் சிறிய போர்விமானமான தேஜஸில்கூட மாட்டலாம் என்பது திட்டம். வந்தால் "விமானத்துக்கு ஒன்று" என்ற தடை உடையும். வரட்டும், பார்க்கலாம்.

என் கையில் பேனாவைக் கொடுத்தால் இப்படித்தான் எழுதுவேன். பிரம்மோஸ்-ஏ கடலுக்கு. இருக்கும் எண்ணிக்கையைத் தெற்கிலும் மேற்கிலும் கடல்வேலைக்கு ஒதுக்கி, கையிருப்பை நிரப்பி வைத்தால் போதும். தரைக்கென்று மேலும் மேலும் வாங்கிக் குவிக்க வேண்டாம். ஸ்கால்ப் ஆழமாகக் கட்டிய, இடம் மாறாத, விலைமதிப்பான ஒரு சில இலக்குகளுக்கு. ரஃபேல் கூடினால் அதற்கேற்பக் கொஞ்சம் கூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். மீதிப் பணம், பெரும்பணம், மூன்றாவது ஆளுக்கு. இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. டி.ஆர்.டி.ஓ.வின் காலக்கெடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நிர்பயின் பத்தாண்டே சாட்சி. ஒருவேளை இன்னும் ஐந்து வருடம் இழுத்தால் அதுவரை கையில் இருக்கும் இரண்டையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதற்குத் தயாராக இருந்தே இதைச் சொல்கிறேன்.

வேலை எங்கே மிச்சமிருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரிகிறது. வெளியே தெரிந்த சோதனைகள் எல்லாம் தரையில் நிற்கும் ஏவுமேடையிலிருந்து நடந்தவை. விமானத்திலிருந்து விழுந்து, காற்றோட்டத்தில் தடுமாறாமல் இறக்கையை விரித்து, எஞ்சினைப் பற்றவைப்பது இனிமேல்தான். 2024 ஏப்ரல் சோதனையின்போது ஏவுகணை போகும் பாதையைக் கண்காணிக்க விமானப்படையின் சுகோய் ஒன்றும் பறந்தது. பார்த்துக்கொண்டு வந்த அந்த சுகோயின் இறக்கைக்கு அடியில் அதே ஏவுகணை இரண்டாகத் தொங்க வேண்டும். பணம் போகவேண்டிய இடம் அந்த இறக்கைக்கு அடியில்தான்.